துடைக்கிற தூசு வேறு, மூச்சில் போகிற தூசு வேறு

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைப்பேன். ஈரத்துணி கறுத்துத்தான் வரும். பிறந்த வீடு ராயபுரம். அங்கேயும் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை உதறித்தான் மடிப்போம். அதனால் அந்தக் கறுப்பு எனக்குப் புதிதும் இல்லை, அதைக் கண்டு பயமும் இல்லை. துடைத்துவிட்டால் வீடு சுத்தம் என்று கல்யாணமாகி இருபது வருடம் ஓட்டிவிட்டேன்.

நாலு வருடத்துக்கு முன்னால், போகி முடிந்த ராத்திரி இரண்டு மணிக்குச் சின்னவன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. படுக்க முடியவில்லை, நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெபுலைசர் வைத்தார்கள், விடிவதற்குள் மூச்சு சீரானது. டூட்டி டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "வீட்டுக்குள்ள என்னம்மா புகையுது?" என்று கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாசலில் இறங்கினால் டிரெய்லர் லாரி வரிசை, வடக்கே புகைபோக்கிகள், மேற்கே மணலி தொழிற்சாலைகள், முந்தின நாள் விடிகாலையில் தெரு முழுக்க டயர் எரித்திருக்கிறார்கள். இவர் என்னடாவென்றால் என் வீட்டுக்குள் என்ன புகைகிறது என்கிறார். "கொசுவத்திதான் சார், வேற என்ன" என்றேன். "எத்தனை?" "ராத்திரிக்கு ரெண்டு." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

நான் பிளவுஸ் தைக்கிறவள், டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் வீசிங் வரும் பிள்ளை ஒருவன், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த எழுபது தாண்டிய மாமியார், இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு வடசென்னையில் என்ன செய்யலாம், எது வெறும் பணச் செலவு என்று கையால் செய்து பார்த்திருக்கிறேன். அதை எழுதுகிறேன்.

எது உள்ளே போகிறது

கண்ணுக்குத் தெரிந்து, துணியில் ஒட்டி வருகிறதே, அது பெரிய தூசு. மூக்கு முடியும் சளியும் அதைப் பிடித்துவிடும். மிச்சத்தை இருமித் துப்பிவிடுவோம். பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக வைத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி சுமார் 70 மைக்ரான். ஒரு முடியின் தடிமனுக்குள் இந்தத் துகளை முப்பது வரை வரிசையாக நிற்க வைக்கலாம். ஊசிக் காதில் நூல் கோக்கவே கண்ணாடி தேடுகிற எனக்கு இது எங்கே தெரியப்போகிறது!

இது ஜன்னல் கட்டையில் லேசில் படியாது, காற்றோடு மிதந்துகொண்டே இருக்கும். விறகு, டீசல், நிலக்கரி, குப்பை, பீடி, ஊதுவத்தி என்று எதன் புகையானாலும் அதிலுள்ள துகள் பெரும்பாலும் இந்த அளவுதான். மூச்சுக்குழாயின் கடைசி வரை போய், காற்றும் ரத்தமும் சந்திக்கிற சின்னச் சின்னக் காற்றுப் பைகளில் உட்கார்ந்துகொள்ளும். உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடும். அந்த இடம் வீங்கிச் சிவந்துபோகும். இருப்பதிலேயே மிகச் சின்னவை அந்தச் சுவரையும் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடும்.

அத்தையின் இதய டாக்டர் எதற்குப் புகைப் பக்கம் போகாதீர்கள் என்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. புகை என்றால் இருமல்தானே? விஷயம் அதோடு நிற்பதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது, ரத்தம் கட்டிக்கொள்ளும் தன்மை கூடுகிறது, ஏற்கெனவே அடைப்பு இருக்கிறவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறுகிறது. அமெரிக்காவில் ஆறு ஊர்களில் எட்டாயிரம் பேருக்கு மேல் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காற்று மிக மோசமாக இருந்த ஊரில் சாவு விகிதம், மிகச் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் அதிகம். வயது, சிகரெட் பழக்கம் எல்லாவற்றையும் கழித்த பிறகு வந்த கணக்கு அது. 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது.

நம்ம ஊர்க் கணக்கும் இருக்கிறது. போரூர் ராமச்சந்திராவில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தது. கர்ப்ப காலத்தில் சுவாசித்த பிஎம் 2.5, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறக்கும் குழந்தையின் எடை சுமார் 4 கிராம் குறைவதாகக் கண்டார்கள். நாலு கிராம் என்ன பெரிசு என்று தோன்றும். விறகடுப்பு வீட்டில் அந்தப் பத்து எத்தனை பத்தாக ஏறுகிறது என்று பார்த்தால் புரியும்.

பிள்ளைகள் விஷயம் தனி. பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பச்சைக் குழந்தை 40 தடவை விடும். எடைக்கு எடை பார்த்தால் அவர்கள் இழுப்பது நம்மைவிட அதிகம். நுரையீரலும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். போனில் ஒரு ஆப் 100 என்று காட்டும், இன்னொன்று அதே இடத்துக்கு 150-க்கு மேல் காட்டும். இரண்டும் பொய் இல்லை. ஒன்று இந்தியக் குறியீடு, மற்றது அமெரிக்கக் குறியீடு. கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருந்தால் நம் குறியீட்டில் அது 100, 'திருப்திகரம்' என்று வரும். அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டி 'ஆரோக்கியத்துக்குக் கேடு' ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு, மைக்ரோகிராம் கணக்கில், ஒரு நாள் சராசரி 15, வருடச் சராசரி 5. இந்தியாவில் 2009 முதல் இருக்கும் அளவு ஒரு நாளைக்கு 60, வருடத்துக்கு 40. அதனால் நான் குறியீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மைக்ரோகிராம் எண்ணை மட்டும் பார்க்கிறேன். உங்கள் ஆப்பிலும் உள்ளே தட்டினால் அது இருக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் மணலி, ராயபுரம், கொடுங்கையூர், பெருங்குடி, வேளச்சேரி, ஆலந்தூர், அரும்பாக்கம் ஸ்டேஷன்கள் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அதில் வரும் குறியீடு 24 மணி நேரச் சராசரி. காலை ஆறு மணிக்குத் தெருவில் குப்பை எரிந்தால் அது அந்த எண்ணில் உடனே வராது. "ஆப்ல பச்சைதானே காட்டுது" என்று ஜன்னலைத் திறந்து வைத்த நாளெல்லாம் உண்டு.

எதிர்வீட்டுப் பெண் இன்ஜினியரிங் படித்தவள். காற்றிலுள்ள பிஎம் 2.5-ஐ அளக்க, காலேஜ் புராஜெக்டுக்கு வாங்கிய லேசர் மீட்டர் ஒன்றைப் படிப்பு முடிந்ததும் எனக்குக் கொடுத்துவிட்டாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லோரும் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நாலு வீட்டுக்கு ஒன்று இருந்தால் போதும், சுற்றில் விடலாம். இந்தச் சின்ன மீட்டர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காற்றில் ஈரம் அதிகமானால் துகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், மீட்டரும் இல்லாததைச் சேர்த்துக் காட்டும். சென்னையில் மார்கழிப் பனியில், மழை நின்ற ராத்திரியில் அது காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். எண் சரியா தப்பா என்பதைவிட, எதைச் செய்தால் ஏறுகிறது, எதைச் செய்தால் இறங்குகிறது என்று பாருங்கள். அதில் அது பொய் சொல்லாது.

முதல் வேலை: நாமே கொளுத்துவதை நிறுத்துவது

மீட்டர் வந்த அன்று ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்தி, வழக்கம்போல ஒரு சுருள் கொளுத்தி, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மீட்டரை வைத்தேன். முப்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. சோறு வடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நானூறைத் தாண்டிவிட்டது. வாசலைத் திறந்து தெருவில் நீட்டினேன். லாரி போய்க்கொண்டுதான் இருந்தது. அங்கே ஐம்பத்தி சொச்சம். டாக்டர் மீது வைத்திருந்த கோபம் அந்த வாசற்படியில்தான் இறங்கியது.

பிறகுதான் படித்தேன். சீன, மலேசிய கொசுவத்திகளை வைத்து 2003-இல் வந்த ஆய்வில், ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்குச் சமம் என்று கண்டிருக்கிறார்கள். நான் ராத்திரிக்கு இரண்டு கொளுத்தியிருக்கிறேன், அதுவும் கதவைச் சாத்தி.

ஆனால் எங்கள் பக்கம் கொசு இல்லாமல் இருக்க முடியுமா? சுருளை நிறுத்தினால் டெங்கு. இங்கே என் தொழில் கைகொடுத்தது. ஜன்னலுக்கு வலை தைத்தேன். செய்முறை சுலபம், மெஷின் இருக்கிற யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஜன்னல் சட்டத்தின் உள்பக்கம் அளவெடுத்து, நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி நைலான் வலையை வெட்டுங்கள். வலையை அப்படியே அடித்தால் ஊசி இழுத்து நைந்துபோகும். அதனால் ஓரத்தில் பருத்தி நாடாவை மடித்து வைத்துப் பிடித்து அடிக்க வேண்டும். அந்த நாடாவின் மேல் வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கத்தைத் தைத்துவிடுங்கள். சொரசொரப்பான பக்கம் பசையோடு வரும், அதை மரச்சட்டத்தில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் சட்டத்தைத் துடைத்து நன்றாகக் காய வைக்க வேண்டும். நான் காய விடாமல் ஒட்டி, இரண்டு நாளில் மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது. மாதம் ஒரு தடவை வலையைப் பிய்த்து அலசிப் போடலாம். பிள்ளைக்குக் கட்டிலைச் சுற்றிப் பழைய கொசுவலையும் உண்டு. திரவம் ஊற்றிப் பிளக்கில் செருகுவதில் புகை இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் அது பூச்சிமருந்து. வலைக்குத்தான் என் ஓட்டு.

அடுத்தது சாம்பிராணி. இதில்தான் வீட்டில் போர் நடந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் அத்தைக்கு வெள்ளிக்கிழமையே முடியாது. "என் மாமியா காலத்துலேர்ந்து போடறோம், யாரும்மா செத்தா?" என்றார். நான் பதில் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டுக்குப் பக்கத்தில் மீட்டரை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அத்தைக்குப் படிப்பு குறைவு, எண் தெரியும். திரும்பி வரும்போது ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. இப்போது ஏற்பாடு இதுதான்: சின்னவன் ஸ்கூலுக்குப் போன பிறகு, பால்கனி வாசலில், ஒரே ஒரு கரி, ஒரு மணி நேரம் ஜன்னல் திறந்து. சாமிக்கு ஊதுவத்தி ஒன்று போதும், கற்பூரத்துக்குப் பதில் நெய்விளக்கு. கற்பூரம் எரிந்த தட்டில் படியும் மையைப் பார்த்தாலே அது எவ்வளவு கரி என்று தெரியும். கைக்குழந்தை தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். துவட்டினால் காயாதா என்ன?

அடுப்படியில் கேஸ்தானே, புகையே இல்லை என்று நினைத்திருந்தேன். வற்றல் மிளகாய் தாளித்தாலும் அப்பளம் பொரித்தாலும் எண் குதிக்கும். மிளகாய் நெடியில் எல்லோரும் இருமுவோம், எண்ணெய்ப் புகைக்கு யாரும் இருமுவதில்லை, அதனால் தெரிவதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்ற வைக்கும்போதே போடுங்கள், அடுப்பை அணைத்த பிறகு பத்து நிமிடம் ஓடட்டும். அது வெளியே தள்ள வேண்டுமானால் காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் சத்தம்தான் மிச்சம்.

பெருக்குவதிலும் ஒன்று உண்டு. காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்திருப்பதெல்லாம் எழுந்து அரை மணி நேரம் மிதக்கும். தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள், இல்லையென்றால் நேராக மாப் போடுங்கள்.

ஜன்னலை எப்போது திறப்பது

சென்னைக்கு ஒரு வரம் உண்டு, கடல். ராத்திரியும் விடிகாலையும் காற்று கரையிலிருந்து கடலுக்கு மெல்ல நகரும், பல நாள் அசையவே அசையாது. குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொள்வதால் லாரிப் புகையும் குப்பைப் புகையும் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தேங்கும். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று வந்ததும் எல்லாம் கலைந்துபோகும். ஜனவரி, பிப்ரவரியில் இந்த வித்தியாசம் பெரிது. ஐப்பசி, கார்த்திகை மழை அடித்த மறுநாள் காற்று அலசிப் போட்ட மாதிரி இருக்கும்.

அதனால் "காலைக் காற்று நல்லது" என்று விடிகாலை ஐந்து மணிக்கு எண்ணூர் ஹைரோட்டில் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. வேகமாக நடந்தால் உள்ளே போகும் காற்றும் பல மடங்கு. பனிக்காலத்தில் நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் மெயின் ரோட்டை விட்டு ஒரு தெரு உள்ளே தள்ளியாவது நடங்கள். எங்கள் வீட்டில் தெருப்பக்க ஜன்னல் விடிகாலையில் சாத்தியிருக்கும். பகல் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் கிழக்குப் பக்கம் திறக்கும். உங்கள் பேட்டையில் காற்று எப்போது மாறுகிறது என்பதை மொட்டைமாடியில் காயும் துணி ஆடுகிற திசையை வைத்து ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மாஸ்க்: நான் தைத்தது உதவாது

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொரோனா சமயத்தில் கடை மூடிக் கிடந்தபோது காட்டன் துணியில் மூன்றடுக்கு மாஸ்க் நூற்றுக்கணக்கில் தைத்து விற்றேன். எச்சில் தெறிப்பதற்கு அது சரி. பிஎம் 2.5-க்குத் துணி மாஸ்க் பெரிதாக எதுவும் செய்யாது. துப்பட்டாவும் கைக்குட்டையும் அதைவிட மோசம். துணியின் இழைகளுக்கு நடுவே உள்ள சந்து, துகளுக்கு நேப்பியர் பாலம் மாதிரி.

வேண்டியது N95 என்று போட்டிருக்கும் மாஸ்க். அதன் நடு அடுக்கில் நிலைமின்சாரம் ஏற்றப்பட்ட நார் இருக்கும். பட்டுப்புடவையில் தலைமுடி ஒட்டுகிறதே, அந்த மாதிரி துகளை இழுத்துப் பிடிக்கும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்கு 95-ஐ நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்த 95. சோப்புப் போட்டுத் துவைத்தால் நிலைமின்சாரம் போய்விடும், பிறகு அது பார்க்க மட்டும்தான் மாஸ்க். துவைக்காமல் நிழலில் தொங்கவிட்டு, தளர்ந்துபோகும் வரை, அல்லது மூச்சு இழுக்கக் கஷ்டமாகும் வரை போடலாம்.

தையல்காரியாகச் சொல்கிறேன், இதில் எல்லாமே அளவுதான். மூக்கு ஓரத்தில் ஒரு சந்து இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். போட்டுக்கொண்டு வேகமாக மூச்சை இழுங்கள், மாஸ்க் முகத்தோடு ஒட்ட வேண்டும். ஊதுங்கள், கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்துங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி வரும் பட்டை நன்றாகப் பிடிக்கும். தாடி இருந்தால் பிடிக்கவே பிடிக்காது. என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுத் தாடியை எடுக்கவில்லை, மாஸ்க்கை எடுத்துவிட்டார். பெரியவர்கள் மாஸ்க் சின்னப் பிள்ளைக்கு இடைவெளி விடும், பிள்ளைகள் அளவே வாங்க வேண்டும். இதய நோய், மூச்சு நோய் உள்ளவர்களுக்கு அது மூச்சு முட்டினால் கட்டாயப்படுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். அத்தைக்கு நாங்கள் போடுவதில்லை, மோசமான நாளில் அவர் வெளியே போவதே இல்லை.

மெஷின் வாங்குவதென்றால்

ஏசி போட்டால் காற்று சுத்தமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலிருக்கும் வலை பெரிய தூசுக்குத்தான். ஏர் பியூரிஃபையர் வேலை செய்யும், ஆனால் முழு வீட்டுக்கும் ஒன்று என்று வாங்காதீர்கள். ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குகிற ஓர் அறையைச் சுத்தமாக வைத்தாலே நாளில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டது.

கணக்கு இது. அறை பத்துக்குப் பத்து அடி, உயரம் பத்து அடி என்றால் ஆயிரம் கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர். அந்தக் காற்றை ஒரு மணிக்கு ஐந்து தடவை சுத்தம் செய்ய 140 கன மீட்டர் வேண்டும். பெட்டியில் சிஏடிஆர் (CADR) என்று ஓர் எண் போட்டிருக்கும், மெஷின் ஒரு மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பதுதான் அது. அது 140-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த எண் அதிவேகத்தில் ஓடும்போது வருவது. சத்தம் தாங்காமல் மெதுவாக வைப்போம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டர் இருக்கிறதா, மாற்று ஃபில்டர் என்ன விலை என்பதை மெஷின் விலைக்கு முன்னால் கேளுங்கள். ஓசோன் விடும் மெஷின் வேண்டவே வேண்டாம். ஓசோன் நுரையீரலை எரிக்கும், வீசிங் பிள்ளை இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் சின்ன மெஷின் ஒன்று வந்தது போன வருடம்தான். சுருளை நிறுத்தி, வலை தைத்து, மூன்று வருடம் கழித்து. கொளுத்துவதை நிறுத்தாமல் மெஷின் வாங்குவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரி.

வீசிங் பிள்ளை, நெஞ்சுவலிப் பெரியவர்

காற்று மோசமான நாளில் முதலில் பார்க்க வேண்டியது, தினமும் போடும் தடுப்பு இன்ஹேலர் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று. "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று நானே இரண்டு வாரம் நிறுத்தியிருக்கிறேன். தடுப்பு மருந்து நன்றாக இருக்கும்போது போடுவதற்குத்தான். உடனடி நிவாரண இன்ஹேலர் எப்போது, எத்தனை பஃப் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஸ்கூல் பையில் ஒரு நகல், வகுப்பு டீச்சரிடம் ஒரு நகல்.

ஸ்பேசர் என்பது இன்ஹேலரில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழல். அது இல்லாமல் பிள்ளைக்கு இன்ஹேலர் கொடுத்தால் மருந்து தொண்டையில்தான் அடிக்கும். குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரே ஒரு பஃப், பிறகு ஐந்தாறு மூச்சு நிதானமாக. அடுத்த பஃபுக்கு மறுபடி குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். நான் செய்த தப்பு ஒன்று: ஸ்பேசரைக் கழுவிப் பளபளவென்று துணியால் துடைத்து வைப்பேன். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்தெல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைக்குப் போகாது. சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். மாஸ்க்கில் அதே நிலைமின்சாரம் வேண்டும், இங்கே கூடாது. வேடிக்கைதான். துடைத்துத் துடைத்தே பழகிய கை, நிறுத்த ஒரு மாதம் ஆனது.

பிள்ளை தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டால், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எந்த வயதானாலும் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளிழுத்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், நிவாரண இன்ஹேலர் போட்டும் தணியாவிட்டால், காத்திருக்காமல் 108.

பெரியவர்களுக்கு நெஞ்சில் பாரம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் மூச்சு வாங்கல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கை தளர்தல், இதில் எது வந்தாலும் அதே 108. "வாயுப் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அத்தைக்கு அப்படிக் கொடுத்து நாங்கள் இழந்தது முக்கால் மணி நேரம்.

போகியும் தீபாவளியும்

2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டன. விமானத்துக்கே வழி தெரியவில்லை என்றால் பிள்ளை நெஞ்சு என்ன செய்யும்? பழைய பாயும் துணியும் இருந்தால் மாநகராட்சி ஆட்கள் வாங்கிக்கொள்கிறார்கள். டயர், பிளாஸ்டிக் எரிந்தாலோ தெருவில் குப்பை கொளுத்தினாலோ மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள், இரண்டாம் தடவை அதைச் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கும். புகைபோக்கிகளும் டிரெய்லர்களும் நம் வீட்டு ஜன்னலுக்கு அடங்காதவை. அதற்குத் தெருக்காரர்கள் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தேதி, நேரம், போட்டோவோடு எழுத வேண்டும். தனி ஆளாக எழுதி எனக்குப் பதில் வந்ததில்லை. நாற்பது கையெழுத்தோடு எழுதியதற்கு ஆள் வந்தார்கள்.

தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் அரசு கொடுத்த நேரம் காலை ஒரு மணி, இரவு ஒரு மணி. எங்கள் தெருவில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை. பிள்ளைக்கு ஒன்றுமே கொடுக்காமல் இருக்க முடியாது, எனக்குத் தெரியும். பாம்பு மாத்திரையை மட்டும் வாங்காதீர்கள். புனேயிலுள்ள மார்பு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சில பட்டாசுகளை அளந்து பார்த்தபோது அதிகமாக பிஎம் 2.5 கக்கியது சரவெடி இல்லை, அந்தச் சின்னக் கறுப்பு மாத்திரைதான். அதையும் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து, முகத்தை அருகில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

இந்த வருடப் போகிக்கு முந்தின ராத்திரியே பின்னறையைத் தயார் செய்தோம். கதவடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்து, மெஷினைப் போட்டு, நாலு பேரும் அதிலேயே படுத்தோம். விடிகாலை ஐந்து மணிக்குக் கூடத்தில் மீட்டர் முந்நூறுக்கு மேல், பின்னறையில் நாற்பது. சின்னவன் எழுந்திருக்கவே இல்லை. அத்தை மட்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரை இருக்கும், நான் அடுப்படியில் இருந்தேன், கிழக்கு ஜன்னல் கொண்டி எடுக்கிற சத்தம் கேட்டது. "கடக்காத்து வந்துருச்சும்மா, கொடியில துணி ஆடுது" என்றார்.